பதினாறு வயதுக்கு எத்தனை கிலோவாட்?

ஸ்ரீ விஜய புரத்திலிருந்து பாராடாங் தீவுக்குச் சாலை வழியாகப் போனால் சுமார் 100 கிலோமீட்டர். 2024 செப்டம்பருக்கு முன் அந்த நகரத்துக்கு போர்ட் பிளேர் என்று பெயர். வழியில் ஜிர்காடாங் சோதனைச் சாவடி வரும். அங்கே வண்டிகளை வரிசையில் நிறுத்தி, குறித்த நேரத்தில் போலீஸ் துணையோடு மொத்தமாக விடுவார்கள். இதற்குக் கான்வாய் என்று பெயர். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர், ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. நடுவில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. வண்டி எத்தனை குதிரைத் திறன் கொண்டது என்பது அந்தக் காட்டுக்குள் ஒரு பொருட்டே இல்லை. படகுத்துறையில் வண்டிகளை ஏற்றும் படகில் பேருந்தும் ஜீப்பும் நின்ற மிச்ச இடத்தில் ஆட்கள் நின்றுகொண்டு நீரிணையைத் தாண்டினால் எதிரே நீலாம்பூர் ஜெட்டி. அதுதான் பாராடாங்.

சுற்றுலா வந்தவர்கள் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுவார்கள். அதன் பிறகு சாலை உள்ளூர்க்காரர்களுடையது. காட்டு வேலைக்காக ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் வங்காளிகளும் தமிழர்களும் கலந்து வாழும் சிறு சிறு குடியிருப்புகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருப்பவை. இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்கு ஒரு பைக் என்பது வசதியின் அடையாளம் இல்லை, அது ஒரு தேவை. அப்பா வேலைக்குப் போய்விட்டால் ஜெட்டிக்குப் போய்ச் சாமான் எடுத்துவர, பாட்டியை ஊசி போடக் கூட்டிப்போக வீட்டில் மிச்சம் இருப்பவன் பிளஸ் ஒன் படிக்கும் பையன்தான். அவன் ஓட்டலாமா? ஓட்டலாம் என்றால் எதை? உசிலம்பட்டிக்கும் அறந்தாங்கிக்கும் இதே கேள்விதான். தீவில் மாற்று வழிகள் குறைவு, அதனால் அங்கே கேள்வி கூடுதலாக உறுத்துகிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 4 இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 18 வயது நிறையாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது. ஆனால் 50 சிசிக்கு மேற்படாத எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிளை 16 வயது நிறைந்தவர் ஓட்டலாம். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் கியர் இல்லாத வண்டிக்குப் பழகுநர் உரிமம் கேட்டால், அதாவது நாம் எல்.எல்.ஆர். என்று சொல்வதைக் கேட்டால், பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது பிரிவு 7. காகிதத்தில் இது நியாயமான ஏற்பாடு. சின்ன வயதுக்குச் சின்ன வண்டி, பெரியவரின் கையெழுத்து, பிறகு பெரிய வண்டி.

அந்தச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது 50 சிசி வண்டி தெருவெங்கும் ஓடியது. கைனடிக் நிறுவனத்தின் லூனா 1972இலேயே வந்துவிட்டது. ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 1980இல் வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மொபெட் அதுதான். பால்காரர், மளிகைக் கடைக்காரர், டியூஷன் வாத்தியார், கல்லூரிப் பெண் என எல்லோருக்கும் அது பொதுவான வண்டி. பதினாறு வயதுப் பையனுக்குச் சட்டம் காட்டிய வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது.

பிறகு புகை விதிகள் இறுகின. 2000இல் தொடங்கிய பாரத் ஸ்டேஜ் படிகள் ஒவ்வொன்றாக ஏற ஏற, எண்ணெய் கலந்து எரிக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறும்போது அதே இழுவை வேண்டுமென்றால் சிசி கூடியே ஆகவேண்டும். டிவிஎஸ் 50இன் வாரிசான எக்ஸ்எல் இன்று 99.7 சிசி. எந்த ஷோரூமிலும் 50 சிசி பெட்ரோல் வண்டி இல்லாத நிலை வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சட்டத்தில் மட்டும் அந்த வரி அப்படியே இருக்கிறது. உரிமம் வழங்கும் கணினி முறையிலும் ‘50 சிசி மோட்டார் சைக்கிள்’ என்று தனி வகை உண்டு. விற்பனையில் இல்லாத வண்டிக்கு விண்ணப்பப் படிவம் தயாராக இருக்கிறது. நம் அரசாங்கங்களுக்கு இது புதிதல்ல என்றாலும், இங்கே பாதிக்கப்படுவது ஒரு தலைமுறை.

பதினாறுக்கு ஒன்றுமில்லை. பதினெட்டுக்கோ எல்லாமே உண்டு. சட்டத்தின் பிரிவு 10 இருசக்கர வண்டிகளைக் கியர் இல்லாதது, கியர் உள்ளது என்று இரண்டாக மட்டும் பிரிக்கிறது. 18 வயதில் கியர் வண்டி உரிமம் வாங்கியவர் மறுநாளே 1,340 சிசி ஹயபுசாவில் ஏறி நெடுஞ்சாலைக்குப் போகலாம். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து எட்டுப் போட்டுக் காட்டினால் போதும். அந்த எட்டையும் பெரும்பாலும் டிரைவிங் ஸ்கூல்காரரின் பழைய இலகு வண்டியில்தான் போடுகிறார்கள். கேரளத்தில் 2024 வரை இதற்கென்றே கைகியர் வைத்த பஜாஜ் எம்80 வண்டிகளைப் பள்ளிகள் காப்பாற்றி வைத்திருந்தன. அந்த ஆண்டுதான் 95 சிசிக்குக் குறையாத, காலால் கியர் மாற்றும் வண்டி வேண்டும் என்று அந்த அரசு விதித்தது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த இளம் யூடியூபர் ஒருவரின் உரிமத்தைப் பத்தாண்டுக்கு ரத்து செய்தார்கள். தண்டனை சரியா என்று ஊரே விவாதித்தது. அவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட அவருக்கு எந்தக் கூடுதல் தேர்வும் இருக்கவில்லை என்பதை யாரும் பெரிதாகப் பேசியதாக நினைவில்லை.

கியர் உண்டா இல்லையா என்பது இன்று அளவுகோலே இல்லை. ஹீரோ ஸ்ப்ளெண்டரின் உச்சத் திறன் சுமார் 5.9 கிலோவாட், அது கியர் வண்டி. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தயாரான முதல் ஓலா எஸ்1 ப்ரோவின் உச்சத் திறன் 8.5 கிலோவாட், வேகம் மணிக்கு 115 கிலோமீட்டர் என்று நிறுவனமே விளம்பரப்படுத்தியது. அது கியர் இல்லாத வண்டி, எனவே உரிமத்தின் கண்ணில் ‘லேசானது’. சிசி என்ற அளவும் பெட்ரோல் காலத்தியது. மின் வண்டிக்குச் சிசியே கிடையாது. பெட்ரோல் வண்டிகளிலும் அது முழு உண்மை சொல்லாது. 1985இல் வந்து இன்றும் நம் ஊர் இளைஞர்கள் தேடித் தேடி வாங்கும் யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசிதான், திறன் 11 குதிரை. ஏறக்குறைய அதே சிசியில் ஸ்ப்ளெண்டருக்கு எட்டு குதிரை. எக்ஸ்எல் 100க்கு நாலு குதிரையும் கொஞ்சமும், அதாவது 3.2 கிலோவாட். மூன்றும் ‘நூறு சிசி வண்டி’கள்.

நம் அரசுக்கு வண்டியைத் திறன் வாரியாகப் பிரிக்கத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். பணம் என்று வந்தால் நன்றாகவே தெரிகிறது. 2022 ஜூனில் அறிவித்த மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணத்தில் 75 சிசி வரை 538 ரூபாய், 150 வரை 714, 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804. அதே அறிவிப்பில் மின் வண்டிகளை 3, 7, 16 கிலோவாட் என்று கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். 125 சிசியைத் தாண்டினால் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம் என்ற விதி 2019 ஏப்ரலிலேயே எல்லா மாடல்களுக்கும் வந்துவிட்டது. 2018இல் தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானிய ஸ்கூட்டர் கொடுத்தபோதுகூட 125 சிசிக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். காப்பீடு, வரி, பிரேக், மானியம் எல்லாவற்றுக்கும் வண்டியின் பலம் கணக்கில் வருகிறது. ஓட்டுகிறவரின் வயதோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரே இடமான உரிமத்தில் மட்டும் வருவதில்லை.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கும்போது முதலில் நமக்குப் பழக்கமான சிங்கப்பூரைச் சொல்லலாம். அங்கே 18 வயதில் 2பி வகுப்பு உரிமம், 200 சிசி வரை. ஓராண்டு வைத்திருந்த பின் தேர்வெழுதி 2ஏ, 400 சிசி வரை. இன்னும் ஓராண்டு கழித்து 2ஆம் வகுப்பு, வரம்பில்லை. அங்கே வேலைக்குப் போன நம் பையன்களைக் கேட்டால் டூபி, டூஏ என்று படிப்புப் பட்டம் போலச் சொல்வார்கள். மலேசியாவில் 16 வயதிலேயே 250 சிசி வரைக்குமான பி2 உரிமம் வாங்க முடியும். அந்த நாட்டு இளைஞர்கள் கப்சாய் எனப்படும் சிறு வண்டிகளில் இரவுப் பந்தயம் விடும் ‘மாட் ரெம்பிட்’ கூட்டங்கள் அங்கே நெடுநாள் தலைவலி. அந்த வண்டிகள் பெரும்பாலும் 150 சிசிக்குக் கீழ்ப்பட்டவை. வரம்பு வைத்தால் மட்டும் வேகம் அடங்காது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் படிக்கட்டு இன்னும் நுணுக்கமானது. 2013 ஜனவரி 19 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, 45 கிலோமீட்டருக்கு மேல் போகாத 50 சிசி மொபெட்டுக்கு ஏஎம் உரிமம். 16 வயதில் ஏ1: 125 சிசி, 11 கிலோவாட், எடையில் கிலோவுக்கு 0.1 கிலோவாட்டுக்கு மேல் கூடாது. 18இல் ஏ2: 35 கிலோவாட், கிலோவுக்கு 0.2. அதோடு, இதைவிட இரு மடங்குக்கு மேல் திறனுள்ள வண்டியை அடைத்துக் குறைத்து 35 ஆக்கியிருக்கவும் கூடாது. இரண்டாண்டு ஏ2 ஓட்டியவருக்கு 20 வயதில் வரம்பில்லாத ஏ. நேரடியாக வர நினைத்தால் 24 வயது. எந்தக் குறுக்கு வழியில் எவன் நுழைவான் என்று யோசித்து யோசித்து எழுதிய விதி என்பது படிக்கும்போதே தெரிகிறது.

அந்த யோசனை அனுபவத்தில் வந்தது. பிரிட்டன் 1961இல் பழகுநர்களுக்கு 250 சிசி வரம்பு வைத்தது. நிறுவனங்கள் 250 சிசிக்குள்ளேயே மணிக்கு 90 மைலைத் தாண்டிப் பறக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளைச் செய்து பழகுநர்களுக்கென்றே விற்றன. 1983இல் வரம்பை 125 சிசி, 12 குதிரை என்று இறக்க வேண்டி வந்தது. இதற்கிடையில் 1971 டிசம்பரில் மோட்டார் சைக்கிள் வயதை 16இலிருந்து 17ஆக உயர்த்தி, 16 வயதுக்காரருக்கு 50 சிசி மொபெட் மட்டும் என்றார்கள். மொபெட் என்றால் மிதிகட்டை இருக்கவேண்டும் என்பது சட்டம். உடனே யமஹா எஃப்எஸ்1-இ போன்ற வண்டிகள் வந்தன. ரேஸ் பைக் தோற்றம், பேருக்கு இரண்டு மிதிகட்டை, வேகம் 45 மைல். ஆறு ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு 1977இல் மிதிகட்டை நிபந்தனையை விட்டு வேகத்துக்கே 30 மைல் கட்டுப்பாடு போட்டார்கள். அளவுகோல் எதுவோ அதைச் சுற்றித்தான் தொழிற்சாலை யோசிக்கும் என்பதை அந்த நாடு விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

இதில் நமக்கு வேடிக்கையான ஒரு பங்கு இருக்கிறது. ஐரோப்பிய இளைஞர்களுக்கான அந்தப் படிகளில் ஏறும் வண்டிகள் பல நம் நாட்டில்தான் செய்யப்படுகின்றன. பதினாறு வயதுக்காரரின் ஏ1 வரம்பான 11 கிலோவாட்டுக்கு அளவெடுத்துச் செய்த கேடிஎம் 125 டியூக் 2011 முதல் புனே அருகே சாகனில் பஜாஜ் ஆலையில் உருவாகி அங்கே போகிறது. ஓசூரில் டிவிஎஸ் கட்டிக்கொடுத்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர், 25 கிலோவாட், ஏ2க்குள் நின்றது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு 2018இல் வெளியிட்ட 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளின் திறன் 47 குதிரை. கிலோவாட்டாக மாற்றினால் 35ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும். எடை சுமார் 200 கிலோ. ஏ2 விதியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வரைந்த எஞ்சின் அது என்று சொன்னால் மறுப்பது கஷ்டம். மான்செஸ்டரில் 19 வயதுக்காரர் தேர்வு எழுதி, அந்தப் படி வரை மட்டும் ஏறி அதை ஓட்டுகிறார். ஒரகடத்தில் அதே வண்டியைப் பூட்டும் பயிற்சித் தொழிலாளி 18 வயதில் எட்டுப் போட்டு, அதையும் ஓட்டலாம், அதைவிட மூன்று மடங்கு பலமுள்ளதையும் ஓட்டலாம்.

திறன் வரம்பு உயிரைக் காக்கிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் சொல்லும் பதில் அவ்வளவு நேரானதல்ல. நியூசிலாந்து 1987இல் இளையோருக்குப் படிநிலை உரிமம் கொண்டுவந்தது. பழகுநருக்கு 250 சிசி வரம்பு, இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டத் தடை, பின்னால் ஆள் ஏற்றத் தடை. பதின்வயதினர் பைக் விபத்தில் ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்தது. ஆனால் ஆராய்ந்தவர்கள் சொன்னது, குறைவின் பெரும்பகுதி பையன்கள் பைக் ஓட்டுவதே குறைந்ததால் வந்தது என்று. ஆக்லாந்தில் செய்து 2000இல் வெளியான இன்னொரு ஆய்வில், சிசி கூடக் கூட ஆபத்தும் சீராகக் கூடுகிறது என்று காட்ட முடியவில்லை. இதைப் படித்துவிட்டு வரம்பே வீண் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. சிசி தவறான அளவுகோல் என்பதற்குத்தான் அது சான்று. இரவுத் தடையையும் ஆள் ஏற்றத் தடையையும் இளையோரிடம் எதிர்பார்க்கலாம் என்பதற்கும் நியூசிலாந்து ஒரு முன்னுதாரணம்.

இந்தியாவுக்கு இந்த விஷயம் வேறு விதத்தில் பொருந்தும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஹயபுசாக்கள் இந்த எண்ணிக்கையில் துளி. நம் தெருவில் ஓடுவது பெரும்பாலும் 100, 110, 125 சிசி வண்டிகள். ஆகவே பெரிய வண்டிக்கு வரம்பு வைப்பதால் மொத்தக் கணக்கு பெரிதாக மாறிவிடாது. ஹெல்மெட் இல்லாத தலை, மூன்று பேர் ஏறிய சீட், எதிர்த்திசையில் வரும் குறுக்கு வழி, மின்கம்ப விளக்கு எரியாத வளைவு, இவைதான் கொல்கின்றன. படிநிலை உரிமத்தின் உண்மையான பயன் வேறு. பதினாறிலிருந்து பதினெட்டுக்குள், சட்டத்தின் பார்வைக்குள், சிறிய வண்டியில், ஹெல்மெட்டோடு, பின்னால் ஆள் இல்லாமல், பகலில் பழகுவதற்கு இரண்டு ஆண்டு கிடைக்கும். இப்போது அந்த இரண்டு ஆண்டும் திருட்டுத்தனமாகக் கழிகிறது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர், உரிமம் உள்ள பயிற்றுநரைத் தவிர யாரையும் பைக்கில் ஏற்றக் கூடாது என்ற விதி நம்மிடமும் உண்டு. முப்பது நாளில் எட்டுப் போட்டுவிட்டால் அதுவும் போயிற்று.

திருட்டுத்தனமாக ஓட்டி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள். சிறார் ஓட்டிக் குற்றம் நடந்தால் காப்பாளரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி. தனக்குத் தெரியாது, தடுக்க முயன்றேன் என்று அவரே நிரூபித்தாலொழிய மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சிறார் நீதி வாரியம் முதலில் 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்ததும் நாடே கொதித்தது. அந்த மாதிரி வழக்குக்கு 199ஏ போதாது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதே பிரிவு பாராடாங் பையன் மீதும் அதே எடையில் விழுகிறது.

அவனுடைய நிலைமையில் வைத்துப் பார்ப்போம். வயது பதினேழு. அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் ஜெட்டிக்குப் போகிறான், பிடிபடுகிறான். 25,000 ரூபாய் அந்த வீட்டுக்குப் பல மாதச் சம்பாத்தியம். இருக்கும் ஒரே வண்டியும் ஓராண்டு முடங்கும். அதைவிடப் பெரிய அடி, 25 வயது வரை உரிமம் கிடையாது என்பது. இந்தத் தீவில் படித்து முடித்த பையனுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும் வேலைகளில் முக்கியமானது வண்டி ஓட்டுவது. சேற்று எரிமலைக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் ஜீப், ரங்கத் பக்கம் போகும் வேன், சாமான் லாரி. எட்டு ஆண்டுக்கு அவனுக்கு அது எதுவும் இல்லை. ஐரோப்பாவில் 24 வயதில் வரம்பில்லாத பைக்குக்கே உரிமம் கொடுக்கிறார்கள். இங்கே பாட்டிக்கு மருந்து வாங்கப் போனவனை 25 வரை மொபெட்கூடத் தொடாதே என்கிறோம். தண்டனை இவ்வளவு கனமாக இருப்பதாலேயே அதை யாரும் பயன்படுத்துவதில்லை. தெரிந்த முகம், தெரிந்த அப்பா. போலீஸ்காரர் திட்டி அனுப்பிவிடுகிறார். சிறிய ஊர்களில் எல்லா இடத்திலும் இதுதான் நடப்பு.

199ஏ பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சிறாரிடம் பழகுநர் உரிமமோ ஓட்டுநர் உரிமமோ இருந்து, அதற்குட்பட்ட வண்டியை ஓட்டினால் இந்தப் பிரிவு பாயாது. சட்டம் எழுதியவர்கள் பதினாறு வயது உரிமத்தை மனதில் வைத்துத்தான் இந்த வரியைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த உரிமத்துக்கு உரிய வண்டி கடையில் இல்லை என்பது மட்டும் அவர்கள் கணக்கில் வரவில்லை.

இன்னொன்றையும் வீட்டுப் பெரியவர்கள் யோசிப்பதில்லை. விபத்து நடந்து எதிராளிக்குக் காயம் என்றால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுக்கும். ஓட்டியவருக்கு உரிமம் இல்லை, அது தெரிந்தே உரிமையாளர் வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபணமானால் கொடுத்த தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். 2004இல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் தெளிவாக்கிய வழி இது. லட்சக்கணக்கில் போகும் அந்தத் தொகைக்கு முன்னால் 25,000 அபராதம் ஒன்றுமே இல்லை. காயம் நமக்கே என்றாலும் தீவில் கணக்கு வேறு. தலையில் பலத்த அடி என்றால் கடைசியில் போய்ச் சேரவேண்டியது ஸ்ரீ விஜய புரத்து ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு. நடுவில் நீரிணையும் காப்புக்காட்டுச் சாலையும் இருக்கின்றன. நகரத்தில் பிழைத்திருக்கக்கூடிய காயம் இங்கே பிழைக்காமல் போகலாம். பதினாறு வயதுக்கு உரிமம் கொடு என்று சொல்பவர் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதனால்தான் வண்டியின் பலத்துக்கும் வேகத்துக்கும் வரம்பு வேண்டும் என்கிறேன்.

மின் ஸ்கூட்டர் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 0.25 கிலோவாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின் வண்டி, மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் வாகனமே இல்லை. உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். பையனுக்கு வாங்கிக்கொடுங்கள் என்று கடைக்காரர்களே சொல்லி விற்கிறார்கள். மேட்டுச் சாலையில் இரண்டு மூட்டையோடு அது ஏறாது என்பது ஒருபுறம் இருக்க, கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு ஒயரை மாற்றினால் 25 என்பது 40, 45 ஆகிவிடுகிறது. பிறகு அது பதிவில்லாத, காப்பீடில்லாத, ஹெல்மெட் கட்டாயமில்லாத மோட்டார் சைக்கிள். 2018 மே மாதத்தில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, 16 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் மின் ஸ்கூட்டர் ஓட்ட வழி செய்யப்போவதாகச் சொன்னார். எண்ணம் சரிதான். ஆனால் சட்டத்தின் நான்காம் பிரிவு சிசியில் பேசுகிறது. மின் மோட்டார் அந்தப் பாஷையில் அடங்காது.

இதே முட்டுச்சந்துக்கு வந்து நின்று, வழி கண்டுபிடித்த நாடு ஜப்பான். அங்கேயும் 16 வயதுக்காரருக்கு 50 சிசி வண்டிதான் பல காலமாக வழக்கம். 1982இல் உயர்நிலைப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு உரிமம் வாங்காதே, வண்டி வாங்காதே, ஓட்டாதே என்று ஒரு இயக்கமே நடத்தியது. நம் தலைமையாசிரியர்கள் பிரேயரில் சொல்வதை அவர்கள் நாடு முழுக்கத் தீர்மானமாகப் போட்டார்கள். அதையும் தாண்டி கிராமப்புறத்தில் 50 சிசி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் புகை விதிதான் அங்கும் அதைக் கொன்றது. அவர்கள் செய்தது எளிது. 2025 ஏப்ரல் 1 முதல், 125 சிசி வரையிலான வண்டியாக இருந்தாலும் உச்சத் திறன் 4 கிலோவாட்டுக்கு மேற்படாவிட்டால் அது பழைய 50 சிசி வகையிலேயே சேரும் என்று விதியைத் திருத்தினார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பு முன்போலவே நீடிக்கிறது.

நான்கு கிலோவாட் என்ற அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஓசூரைப் பாருங்கள். எக்ஸ்எல் 100இன் திறன் 3.2 கிலோவாட். கியர் இல்லை. எடை தொண்ணூறு கிலோவைத் தொடாது. தமிழ்நாட்டின் எந்தப் பட்டறையிலும் உதிரிபாகம் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் பழுது பார்ப்பார்கள். பிரிவு 4இல் ‘50 சிசிக்கு மேற்படாத எஞ்சின்’ என்று இருப்பதை ‘4 கிலோவாட்டுக்கு மேற்படாத திறன்’ என்று மாற்றினால், பெட்ரோல் மொபெட்டும் சிறிய மின் ஸ்கூட்டரும் ஒரே வரியில் அடங்கிவிடும். கூடவே 18 வயது வரை பின்னால் ஆள் ஏற்றத் தடை, இரவுத் தடை, 40 கிலோமீட்டர் வரம்பு. ஓட்டுநர் தேர்வை வட்டாரத்துக்கு வந்து மாதம் ஒருமுறை நடத்தும் முகாம். படகேறி, கான்வாய்க்குக் காத்திருந்து, ஒரு நாள் கூலியை விட்டுத்தான் உரிமம் வாங்க முடியும் என்றால் பாதிப் பேர் வாங்காமலேயே ஓட்டுவார்கள்.

மேல் படிக்கு ஐரோப்பாவின் 24 வயது நமக்குத் தேவையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 18இலிருந்து இரண்டாண்டுக்கு 11 கிலோவாட், பிறகு அதே அளவு வண்டியில் ஒரு சாலைத் தேர்வு, பிறகு வரம்பில்லை என்பது போதும். நம் இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த 11ஐத் தாண்டவே போவதில்லை, ஆகவே யாருடைய பிழைப்பும் கெடாது. காப்பீட்டுக் கட்டணப் பட்டியலில் ஏற்கெனவே 3, 7, 16 கிலோவாட் என்று கோடுகள் இருப்பதால் புதிதாக அளக்க வேண்டியதும் அதிகமில்லை. ஒவ்வொரு மாடலின் உச்சத் திறனும் வகைச் சான்றிதழில் பதிவாகித்தான் விற்பனைக்கு வருகிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் தராசு தூக்க வேண்டியதில்லை, ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் போதும்.

தடை எங்கே என்றால், 50 சிசி என்ற எண் விதிகளில் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. அமைச்சகம் ஒரு அரசாணையால் அதை மாற்ற முடியாது. நாடாளுமன்றம் பிரிவு 4ஐயும் பிரிவு 10ஐயும் திருத்த வேண்டும். 2019இல் அபராதங்களை ஐந்து மடங்கு, பத்து மடங்கு ஏற்றி, 199ஏ போன்ற புதிய பிரிவுகளைச் சேர்த்து அவ்வளவு பெரிய திருத்தம் கொண்டுவந்தபோது அந்த 50 சிசி வரியை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தமானுக்கு மக்களவையில் ஒரே உறுப்பினர். எக்ஸ்எல் தயாராகும் ஓசூருக்கும் ஓலா தயாராகும் போச்சம்பள்ளிக்கும் பொதுவாக கிருஷ்ணகிரி தொகுதி உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். கேள்வியை முதலில் எழுப்ப வேண்டியவர்கள் இவர்கள் இருவரும்.